ஆசிரியர் போன பிறகும் பள்ளி நிற்க வேண்டும்



படிப்பை முடித்த மகளோ மகனோ ஒரு நாள் உங்கள் எதிரில் வந்து நின்று, "நான் ஆப்பிரிக்காவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். சம்பளம் என்று எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் மட்டும் கொடுப்பார்கள்" என்று சொன்னால், உங்கள் வாயிலிருந்து முதலில் என்ன வார்த்தை வரும்?

"விடியற்காலையில் பிரட்டுக்கு ஓடி, பால் வெட்டி, உன்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா?" என்று கேட்கத் தோன்றும். அதில் தவறே இல்லை. பெற்ற வயிறு அப்படித்தான் பேசும். வேறு சில பெற்றோர், "என் பிள்ளை ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு செய்யப் போகிறான்" என்று லயம் முழுக்கச் சொல்லி மகிழவும் கூடும்.

கோபப்படுவதற்கு முன்பும் சரி, பெருமைப்படுவதற்கு முன்பும் சரி, இந்தத் தொண்டூழியத்தால் யாருக்கு என்ன பலன் என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல மனம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதைத்தான் 60 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அனுபவம் காட்டுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆப்பிரிக்கா என்பது ஒரு நாடு அன்று. அது 54 நாடுகள் அடங்கிய பெருங்கண்டம். ஒவ்வொரு நாட்டிலும் பல மொழிகள், பல பழக்க வழக்கங்கள். ஆகவே, இந்தக் கட்டுரையில் மூன்று நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவை கானா, நைஜீரியா, போட்ஸ்வானா. அவற்றிலும் போட்ஸ்வானாவைச் சற்று நின்று பார்ப்போம்.

விமானத்தை விட்டு இறங்கியதும் பாட்டு

1960-ஆம் ஆண்டில் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. கானா அதற்கு முன்பே, 1957-இல், விடுதலை அடைந்திருந்தது. விடுதலை கிடைத்ததும் மக்கள் முதலில் கேட்டது பள்ளிக்கூடம். கட்டடத்தைச் சில மாதங்களில் எழுப்பிவிடலாம். ஆசிரியரை அப்படிச் சில மாதங்களில் உருவாக்க முடியுமா? இடைநிலைப்பள்ளியில் கணிதமும் அறிவியலும் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் புதிய நாடுகள் திண்டாடின.

அந்தக் காலத்தில்தான் தொண்டாசிரியர்கள் புறப்பட்டார்கள். 1958-இல் பிரிட்டனில் அலெக் டிக்சன் என்பவர் தொடங்கிய அமைப்பு, பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அவர்கள் முதலில் போன இடங்களில் கானாவும் ஒன்று, நம்முடைய சரவாக்கும் ஒன்று! 1961-இல் அமெரிக்க அதிபர் கென்னடி அமைதிப் படையைத் தோற்றுவித்தார். படை என்றதும் துப்பாக்கியை எண்ண வேண்டாம். இவர்கள் கையில் இருந்தது சுண்ணக்கட்டி.

1961 ஆகஸ்ட் 30-ஆம் நாள் அமைதிப் படையின் முதல் குழு கானாவின் தலைநகரான அக்ராவில் வந்து இறங்கியது. ஐம்பதுக்குச் சற்று மேற்பட்டவர்கள். ஆசிரியர்களாகப் பணியாற்ற வந்தவர்கள். விமானத்தை விட்டு இறங்கியதும் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கானா மக்கள் பேசும் துவி மொழியில் ஒரு பாட்டைப் பாடினார்கள். உச்சரிப்பு எப்படி இருந்ததோ, வரவேற்க வந்தவர்கள் மனம் குளிர்ந்துபோனார்கள். "உங்கள் மொழியைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறோம்" என்று வாயால் சொல்வதைவிட, அந்த மொழியில் ஒரு பாட்டுப் பாடுவது மேல் அல்லவா?

இதே அமைதிப் படையினர் 1962 முதல் 1983 வரை நம் நாட்டிலும் பணியாற்றினார்கள். அன்று பள்ளியில் படித்த பெரியவர்கள் சிலருக்கு அவர்களை இன்னும் நினைவிருக்கக்கூடும்.

ஒரு தபால் அட்டை செய்த வேலை

கானாவில் பாட்டு. நைஜீரியாவில் நடந்ததோ வேறு கதை.

அதே 1961-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இபாடான் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அமெரிக்க இளம்பெண், ஊரிலுள்ள நண்பருக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். இங்கே மக்கள் தெருவிலேயே வாழ்கிறார்கள், தெருவிலேயே சமைக்கிறார்கள், வசதி என்பதே இல்லை என்ற பொருளில் நாலு வரி. அந்த அட்டை தபாலில் சேரும் முன்பே கை தவறிவிட்டது. ஒரு மாணவர் கண்ணில் பட்டது. மறுநாள் அதன் நகல்கள் மாணவர் விடுதி முழுவதும் பரவின. பெரும் கண்டனக் கூட்டம் நடந்தது. எழுதியவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாடு திரும்ப நேர்ந்தது.

அவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. கண்ணில் பட்டதைத்தான் எழுதினார். அப்படியானால் மாணவர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

வாசகர்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, லயத்து வீட்டின் ஒழுகும் கூரையையும் சாக்கடையையும் மட்டும் பார்த்துவிட்டுப் போய், "இவர்கள் பிழைப்பு இப்படித்தான்" என்று எழுதினால் நம் நெஞ்சு எப்படி எரியும்! அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகள் படித்ததும், கூட்டு போட்டுக் கோயில் கட்டியதும், ஒரு வீட்டுச் சாவுக்கு ஊரே திரண்டதும் அவர் கண்ணில் படவில்லையே! உதவி செய்ய வருகிறவர் முதலில் கொண்டுவர வேண்டியது மரியாதை. அது இல்லாமல் வருகிற உதவி, பசித்தவனுக்கும் கசக்கும்.

மழையே காசான நாடு

இனி, தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியிலுள்ள போட்ஸ்வானாவுக்குப் போவோம். வறண்ட பூமி. நாட்டின் பெரும்பகுதி கலஹாரி என்ற மணல்வெளி. அங்கே 'பூலா' என்றால் மழை. அதுவே வாழ்த்துச் சொல். 1976-இல் சொந்த நாணயம் வெளியிட்டபோது அதற்கும் பூலா என்றே பெயர் வைத்தார்கள். மழை பெய்தால் பால்வெட்டு நின்று அன்றைய கூலி போய்விடுமே என்று கவலைப்பட்டுப் பழகிய நமக்கு, மழையையே காசாக எண்ணும் மக்கள் வியப்பாகத்தான் தெரிவார்கள்!

அந்த நாட்டில் யாரைக் கண்டாலும் முதலில் வணக்கம் சொல்லியாக வேண்டும். பெண்களிடம் 'டுமெலா ம்மா', ஆண்களிடம் 'டுமெலா ரா'. அந்த 'ம்மா' நம் காதில் அம்மா என்றே விழும். வணக்கம் சொல்லாமல் நேரே காரியத்தைப் பேசுகிறவரை மரியாதை தெரியாதவர் என்று எண்ணுவார்கள்.

1966 செப்டம்பர் 30-இல் போட்ஸ்வானா விடுதலை பெற்றபோது, நாடு முழுவதிலும் இருந்த தார்ச்சாலை சுமார் 12 கிலோமீட்டர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற உள்நாட்டவர் 22 பேர் என்று கணக்குச் சொல்கிறது. ஒரு நாட்டுக்கே 22 பட்டதாரிகள்! மருத்துவருக்கு எங்கே போவது, பொறியியலாளருக்கு எங்கே போவது, ஆசிரியருக்கு எங்கே போவது?

செரோவே குன்றடியில் 28 மாணவர்கள்

விடுதலைக்கு முன்பே, செரோவே என்ற பெரிய கிராமத்தில் ஒருவர் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டார். அவர் பெயர் பேட்ரிக் வான் ரென்ஸ்பர்க். 1931-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையர். அந்நாட்டு அரசாங்கத்தின் தூதரக அதிகாரியாகக் காங்கோவில் இருந்தவர். கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்த நிறவெறிக் கொள்கையைப் பொறுக்க முடியாமல் 1957-இல் பதவியை உதறினார். பிறகு தாய்நாட்டில் இருக்க முடியாமல், 1962-இல் இங்கே வந்து சேர்ந்தார்.

1963-இல் அவரும் அவர் மனைவியும் தொடங்கிய பள்ளிக்கு சுவானெங் குன்றுப் பள்ளி என்று பெயர். ஆரம்பத்தில் 28 மாணவர்கள். பணம் இல்லை. கட்டடமும் போதாது. அதனால், மாணவர்களும் ஆசிரியர்களும் வெளிநாடுகளிலிருந்து வந்த தொண்டூழியர்களும் சேர்ந்தே பள்ளியைக் கட்டினார்கள். வகுப்பில் கணிதம் சொல்லிக் கொடுத்தவரே, வகுப்பு முடிந்ததும் மாணவர்களோடு நின்று வேலை செய்தார்.

தொடக்கப்பள்ளியை முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இடைநிலைப்பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. அவர்களை என்ன செய்வது? 1965-இல் வான் ரென்ஸ்பர்க் 'பிரிகேட்' என்ற தொழிற்பயிற்சிக் குழுவைத் தொடங்கினார். முதலில் கட்டட வேலை. பிள்ளைகள் சுவர் வைக்கக் கற்றுக்கொண்டே வீடு கட்டிக் கொடுப்பார்கள். அந்த வருமானத்தில் பயிற்சிச் செலவை ஈடுகட்டுவார்கள். பிறகு விவசாயம், தச்சு என்று மற்றத் தொழில்களும் சேர்ந்தன. செரோவேயைப் பார்த்து மற்ற ஊர்களும் பிரிகேட் தொடங்கின. இந்தப் பணிக்காக வான் ரென்ஸ்பர்க்குக்கு 1981-இல் 'ரைட் லைவ்லிஹூட்' விருது கிடைத்தது. 2017-இல் அவர் காலமானார்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொன்னால் அது உண்மை ஆகாது. "படிக்க வந்த எங்களை ஏன் மண் சுமக்கச் சொல்கிறீர்கள்?" என்ற முணுமுணுப்பு மாணவர்களிடம் எழுந்தது. அது நியாயமான கேள்விதான். பெற்றோர் ஆடு மாடு விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தது, மறுபடியும் வெயிலில் நிற்கவா? தோட்டத்துப் பெற்றோருக்கு இந்த மனம் நன்றாகப் புரியும். உடலுழைப்பின் பெருமையைப் படித்தவர் பேசலாம். அதிலேயே தேய்ந்தவர் தன் பிள்ளைக்கு வேறு வழிதானே தேடுவார்?

இன்னொரு குறையும் இருந்தது. பிரிகேட்களின் பொறுப்பில் வெளிநாட்டுத் தொண்டூழியர்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் நாடு திரும்பியபோது, அந்த இடத்தை எடுத்துக்கொள்ள உள்ளூர் ஆள் தயாராக இல்லாத இடங்களில் வேலை தடுமாறியது. இந்தக் குறைகளை வான் ரென்ஸ்பர்க்கே மறைக்கவில்லை. 1974-இல் வெளிவந்த தம் நூலில், சுவானெங் அனுபவத்தின் நிறைகளோடு குறைகளையும் எடுத்துச் சொன்னார்.

ஆனாலும் அந்தப் பள்ளி அழியவில்லை. அரசாங்கத்தின் பொறுப்புக்கு மாறி, செரோவேயில் இன்றும் மேல்நிலைப்பள்ளியாக நடந்து வருகிறது.

ஆளுக்கொரு மாடு

தொண்டூழியர் போன பிறகும் அந்த நாட்டில் கல்வி நின்றது ஏன்? வைரம் ஒரு காரணம். 1967-இல் ஒராப்பாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வருமானம் ஒரு சிலர் வீட்டுப் பெட்டிக்குள் முடங்கிவிடாமல் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் போனது. 1980-இல் தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

வைரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. போட்ஸ்வானாவும் லெசோத்தோவும் சுவாசிலாந்தும் சேர்ந்து ஒரே பல்கலைக்கழகத்தை நடத்தி வந்தன. 1975-இல் லெசோத்தோ பிரிந்துபோனது. சொந்தமாக ஒரு வளாகம் கட்ட வேண்டிய நெருக்கடி. அதிபர் செரெட்சே காமா மக்களிடம் கை நீட்டினார். 'ஆளுக்கொரு மாடு' என்பது அந்த 1976-ஆம் ஆண்டு இயக்கத்தின் பெயர். மாடு வைத்திருந்தவர் மாடு கொடுத்தார். இல்லாதவர் கோழி கொடுத்தார், தானியம் கொடுத்தார், முட்டை கொடுத்தார். 1982-இல் போட்ஸ்வானா பல்கலைக்கழகம் தனியாக எழுந்தது. அந்த வளாகத்தில் இன்று ஒரு சிலை நிற்கிறது. பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதற்காக மாட்டை ஓட்டிச் செல்லும் ஒரு மனிதனின் சிலை அது.

முட்டை கொடுத்த அந்தத் தாய்க்குப் பல்கலைக்கழகம் என்றால் என்னவென்று முழுதும் தெரிந்திருக்காது. ஆனால், அது தன்னுடையது என்று தெரிந்திருந்தது. எங்கிருந்தோ வருகிற தொண்டூழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த உணர்வை அவரால் கொண்டுவந்து கொடுக்க முடியாது. அதற்குப் பக்கத்தில் நின்று கை கொடுக்கத்தான் முடியும்.

1966-இல் போட்ஸ்வானாவுக்கு வந்த அமெரிக்க அமைதிப் படை, நாடு தன் காலில் நிற்கத் தொடங்கியது என்று 1997-இல் விடைபெற்றுக்கொண்டது. எய்ட்ஸ் நோய் அந்நாட்டைக் கடுமையாகத் தாக்கியதால், அதை எதிர்க்கும் பணிக்காக 2003-இல் திரும்பி வந்தது.

சொந்த நாட்டுப் பிள்ளைகளே தொண்டூழியர்

ஆப்பிரிக்கக் கிராமப் பள்ளி என்றால் வெளிநாட்டார் போய்த்தான் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. அது பிழை. நைஜீரியாவில் 1970-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. பகைத்துக்கொண்ட மக்களை ஒன்று சேர்க்க, 1973-இல் இளைஞர் தேசிய சேவையைத் தொடங்கினார்கள். பட்டம் பெற்ற இளைஞர் ஓராண்டு சேவை செய்ய வேண்டும். அதுவும் சொந்த மாநிலத்தில் அன்று, வேறொரு மாநிலத்தில்! அவர்களில் ஏராளமானோர் கிராமப் பள்ளிகளில் ஆசிரியராகிறார்கள். அதே 1973-இல் கானாவும் தேசிய சேவைத் திட்டத்தைத் தொடங்கியது. போட்ஸ்வானாவில் 1980 முதல் 2000 வரை, ஐந்தாம் படிவம் முடித்த மாணவர்கள் ஓராண்டு நாட்டுச் சேவைக்குப் போனார்கள். தொடக்கப்பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் அவர்களில் உண்டு.

இதிலும் ஒரு தொல்லை இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் ஆசிரியர் மாறினால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். ஆகவே, ஓராண்டுத் தொண்டு வாழ்நாள் ஆசிரியருக்கு ஈடாகாது. தேவையோ மிகப் பெரியது. சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவுக்கு 2030-ஆம் ஆண்டுக்குள் மேலும் 15 மில்லியன் ஆசிரியர்கள் வேண்டும் என்பது யுனெஸ்கோவின் கணக்கு. இத்தனை பேரை விமானத்தில் ஏற்றி அனுப்ப யாரால் முடியும்? அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே படித்து, பயிற்சி பெற்று, ஒழுங்கான சம்பளத்தோடு ஆசிரியராக வர வேண்டும். அந்த நாள் விரைவில் வருவதற்கு உதவுகிறவரே நல்ல தொண்டூழியர்.

போக விரும்பும் பிள்ளையிடம் கேளுங்கள்

அப்படியானால் நம் பிள்ளை போகலாமா, கூடாதா? போகலாம். ஆனால், கீழ்வரும் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த பிறகு போகட்டும்.

உன்னை அழைத்தது யார்? அந்த ஊர்ப் பள்ளியா, அல்லது பயணச் சீட்டு விற்கும் நிறுவனமா? பள்ளி கேட்காமல் போகிறவர் பள்ளிக்குப் பாரமாகிவிடுவார்.

எத்தனை நாள்? இரண்டு வாரம் போய்ப் பிள்ளைகளைத் தூக்கி வைத்துப் படம் பிடித்துக்கொண்டு வருவதற்குச் சுற்றுலா என்று பெயர். அமைதிப் படையினர் மூன்று மாதம் மொழியும் பழக்க வழக்கமும் படித்து, அதன் பிறகு இரண்டு ஆண்டு பணியாற்றுகிறார்கள். பழகிய பிள்ளையை அடிக்கடி அழவிட்டுப் போவது புண்ணியம் ஆகாது.

உனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கத் தெரியுமா? இங்கே தெரியாதது விமானம் ஏறினால் தெரிந்துவிடாது. ஏழைப் பிள்ளைக்கு அரைகுறை ஆசிரியர் போதும் என்று எண்ணுவது பெரும் பாவம்.

உன் பக்கத்தில் உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருப்பாரா? நீ போன பிறகு உன் வேலையை அவர் தொடர முடியுமா? உன்னால் ஓர் உள்ளூர் ஆசிரியரின் வேலை பறிபோகுமா?

உன் நன்னடத்தையை அந்த அமைப்பு விசாரித்ததா? எவரையும் எதுவும் கேட்காமல் பிள்ளைகளோடு விடுகிற அமைப்பை நம்பவே கூடாது.

காய்ச்சல் கண்டால் எந்த மருத்துவமனை? ஆபத்து என்றால் திரும்பி வர வழி என்ன? 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, அமைதிப் படை உலகெங்கும் இருந்த தன் தொண்டூழியர் அனைவரையும் திரும்ப அழைத்துக்கொண்டது. அப்படிப் பொறுப்பேற்க ஓர் அமைப்பு பின்னால் இருக்க வேண்டும்.

அமைதிப் படையில் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே சேர முடியும். ஐக்கிய நாடுகள் தொண்டூழியர் திட்டம் அப்படியன்று. 1971 முதல் இயங்கிவரும் அதில் எல்லா நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். பணம் கட்டினால் போதும், நாளைக்கே அனுப்புகிறோம் என்று சொல்கிறவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்று. தூரத்துப் பள்ளிக்குப் போகும் முன், பக்கத்துப் பள்ளியில் தொடங்கட்டும். நம் தோட்டத்துப் பிள்ளைகளில் கணக்கில் பின்தங்கிய பத்துப் பேரைச் சனிக்கிழமை தோறும் உட்கார வைத்து ஓராண்டு சொல்லிக் கொடுக்கட்டும். மழை வந்தாலும், ஐந்து பேர் மட்டும் வந்தாலும், யாரும் பாராட்டாவிட்டாலும் அந்த ஓராண்டை நிறுத்தாமல் நடத்துகிற பிள்ளை எந்த நாட்டுக்கும் போகத் தகுதி பெற்றுவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையைத் தடுக்காதீர்கள்; வாழ்த்தி அனுப்புங்கள்.

ஓராண்டு முடிந்து அது புறப்படும்போது, சனிக்கிழமை வகுப்பை ஏற்று நடத்த வேறொருவர் தயாராக இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், உங்கள் பிள்ளை தொண்டின் முதல் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது என்று மகிழ்ச்சி அடையலாம்.